லார்போர்டு: கடலில் தூக்கிப் போட்ட ஒரு சொல்

இன்னைக்கு எபிசோட் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி. திசையைச் சொல்ற வார்த்தை. ஒரு காலத்துல ஆயிரக்கணக்கான மாலுமிங்க தினமும் கத்தின வார்த்தை. இன்னைக்கு எந்தக் கப்பல்லயும் அது ஆணையா ஒலிக்கிறதில்ல. அது தானா சாகல. உத்தரவு போட்டு ஒழிச்சாங்க. ஏன்னு பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லிடறேன். சம்பந்தம் இருக்கு.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். பொங்கல் லீவுக்குப் பாதி டீம் ஊருக்குக் கிளம்பியாச்சு. ஆன்-கால் ட்யூட்டி என் தலையில. ராத்திரி 2 மணிக்கு சர்வர்ல இடம் நிரம்பப் போகுதுன்னு அலர்ட் வருது. தனியா கை வைக்க எனக்குப் பயம். சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு ஃபோன் போட்டேன். அவர் பஸ்ல, திண்டிவனம் தாண்டிப் போயிட்டு இருக்கார். சிக்னல் விட்டு விட்டு வருது.

"அண்ணா, புது டிஸ்க் ரெடி. இப்ப என்ன பண்ணட்டும்?"

அவர் சொன்னது, "அட்டாச் பண்ணு." என் காதுல விழுந்தது, "டிட்டாச் பண்ணு."

பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் புதுசை மாட்டணும் போலன்னு நானே ஒரு காரணமும் கண்டுபிடிச்சுக்கிட்டேன். கமாண்டைத் தட்டினேன். சைட் 40 நிமிஷம் படுத்துடுச்சு.

மறுநாள் மீட்டிங்ல எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "இனிமே கவனமா கேளு." நானும் தலையாட்டினேன். ரொம்ப நாள் அது முழுக்க முழுக்க என் தப்புன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அந்த நினைப்பை மாத்தினது இன்னைக்கு நாம பார்க்கப் போற வார்த்தைதான். லார்போர்டு.

கப்பலுக்கு ஏன் தனி இடது வலது?

கப்பலோட மூக்கு இருக்கிற பக்கம் பார்த்து நின்னா, வலது பக்கத்துக்குப் பேர் ஸ்டார்போர்டு. இடது பக்கத்துக்கு இன்னைக்குப் பேர் போர்ட். துறைமுகத்துக்குச் சொல்றோமே, அதே போர்ட். பழைய பேர் லார்போர்டு. நம்ம வாயில போர்ட்டும் போர்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வருது, கொஞ்சம் பொறுத்துக்கங்க. இந்த எபிசோடுக்கே அது பொருத்தமான கஷ்டம்தான்.

சரி, இதுக்கு எதுக்குத் தனிப் பேர்? லெஃப்ட், ரைட்டுன்னு சொன்னா போதாதா?

போதாது. உங்க ஃப்ரெண்ட் உங்க எதிர்ல நின்னு ஃபோட்டோ எடுக்கிறான். "கொஞ்சம் லெஃப்ட்ல நகருடா"ங்கிறான். யாரோட லெஃப்ட்? அவனோடதா, உங்களோடதா? கண்டிப்பா ஒரு தடவை தப்பான பக்கம் நகர்ந்திருப்பீங்க. இப்ப பழைய காலத்துப் படகை நினைச்சுப் பாருங்க. துடுப்புப் போடறவங்க படகோட பின்பக்கம் பார்த்து உக்காந்திருப்பாங்க. சுக்கான் பிடிக்கிறவர் முன்பக்கம் பார்த்து இருப்பார். அவரோட வலது இவங்களுக்கு இடது. புயல்ல "லெஃப்ட்!"னு கத்தினா, படகுல பாதிப் பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் எதிர்ப்பக்கம்.

இடது, வலதுங்கிறது ஆளுக்குச் சொந்தம். ஆள் திரும்பினா அதுவும் திரும்பும். ஸ்டார்போர்டு, லார்போர்டு ரெண்டும் கப்பலுக்குச் சொந்தம். நீங்க எப்படி வேணா திரும்பி நில்லுங்க, அது மாறாது. நம்ம பாஷையில சொன்னா, லோக்கல் வேரியபிளைத் தூக்கி குளோபலா வெச்சுட்டாங்க.

சுக்கான் பக்கம், முதுகுப் பக்கம்

ஸ்டார்போர்டுல இருக்கிற ஸ்டாருக்கும் வானத்து நட்சத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பழைய ஆங்கிலத்துல அது ஸ்டியோர்போர்டு. ஸ்டியோர்னா செலுத்துறது. இன்னைக்கு ஸ்டியரிங்னு சொல்றோமே, அதே வேர். போர்டுன்னா இங்க கப்பலோட பக்கவாட்டு. ஆக, ஸ்டார்போர்டுன்னா ஸ்டியரிங் இருக்கிற பக்கம்.

அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கப்பல்ல சுக்கான் நடுவுல, பின்னாடி இருக்காது. பெரிய துடுப்பு ஒண்ணை வலது பக்கத்துல, பின்பகுதியில கட்டியிருப்பாங்க. பெரும்பாலானவங்களுக்கு வலது கைதானே பழக்கம்? நார்வேல 1904ல தோண்டி எடுத்த ஓஸெபர்க் கப்பல்லயும் இப்படித்தான். 9ஆம் நூற்றாண்டுல புதைச்ச வைக்கிங் கப்பல் அது. வலது பக்கத்துல சுக்கான் துடுப்பு.

சரி, அப்ப இடது பக்கத்துக்கு என்ன பேர்? பழைய ஆங்கிலத்துல பேக்போர்டு. முதுகுப் பக்கம். சுக்கான் பிடிக்கிறவர் வலது பக்கத் துடுப்பைப் பார்த்து நின்னா, இடது பக்கம் அவர் முதுகுக்குப் பின்னாடி போயிடும். அவ்ளோதான்.

கவனிங்க, இந்த ஜோடி அருமையான ஜோடி. ஸ்டியோர்போர்டு, பேக்போர்டு. எவ்ளோ காத்து அடிச்சாலும் ஒண்ணு இன்னொண்ணு மாதிரி கேக்காது. ஜெர்மன்காரங்களும் டச்சுக்காரங்களும் இந்த முதுகுப் பக்கத்தை இன்னைக்கு வரைக்கும் வெச்சிருக்காங்க. ஜெர்மன்ல பாக்போர்ட். பிரெஞ்சுல பாபோர்.

ஆங்கிலத்துல மட்டும் அது காணாமப் போச்சு. அந்த இடத்துல வேற ஒண்ணு வந்துச்சு.

பேரை அழகாக்கப் போய்

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்துல இடது பக்கத்துக்கு லாடபோர்டு மாதிரி ஒரு பேர் வருது. லாட்ங்கிறது லோடிங், சரக்கு ஏத்துறதுன்னு மொழி ஆராய்ச்சியாளர்கள்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க. அதுக்கு நல்ல காரணமும் இருக்கு. வலது பக்கத்துல சுக்கான் துடுப்பு நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கத்தைக் கரையோட அணைச்சா துடுப்பு நசுங்கிடும். அதனால இடது பக்கத்தைத்தான் கரையில அணைப்பாங்க. சரக்கு ஏத்தறது இறக்கறது எல்லாம் அந்தப் பக்கம்தான்.

இதுவரைக்கும் பிரச்சனை பெருசா இல்ல. ஆனா மனுஷ மனசுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜோடியா வர்ற ரெண்டு பேர் ஒரே சந்தத்துல இருந்தா அதுக்கு ஒரு திருப்தி. ஸ்டார்போர்டு, ஸ்டார்போர்டுன்னு சொல்லிச் சொல்லி, பக்கத்துல இருந்த லாடபோர்டும் அதே மாதிரி வளைஞ்சுச்சு. லாட லார் ஆச்சு. லார்போர்டு.

காதுக்கு இனிமை. கேக்க ஜோடிப் பொருத்தம். ஆனா இப்ப ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் முதல் எழுத்துல வர்ற ஒரு சின்ன சத்தம். மாலுமிங்க பேசறப்ப அது இன்னும் சுருங்கும். ஸ்டார்பர்டு, லார்பர்டு. சூறைக்காத்து, பாய்மரம் படபடக்கிற சத்தம், அலை மோதுற சத்தம். அந்த ஸ்-ஸும் ட்-டும் காத்துல போயிட்டா கேக்கிறவருக்கு மிஞ்சறது ஆர்பர்டு மட்டும்தான்.

மிஞ்சினதை வெச்சு எந்தப் பக்கம் திருப்புவீங்க? பாறை ஒரு பக்கம் இருக்கு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. எதிரெதிர் அர்த்தம் இருக்கிற ரெண்டு வார்த்தை ஒரே மாதிரி ஒலிக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசம். கப்பல்ல யாராவது "உப்பு"ன்னு சொன்னதை "பருப்பு"ன்னு கேட்டா, சமையல்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்ளோதான். இடதும் வலதும் குழம்பினா அப்படியில்ல. ரெண்டுமே அந்த நேரத்துக்குப் பொருத்தமான ஆணைதான். கேக்கிறவருக்குச் சந்தேகமே வராது. முழு நம்பிக்கையோட தப்பான பக்கம் திருப்புவார். நான் தட்டின மாதிரி.

மாலுமி போட்ட பேட்ச், அரசாங்கம் போட்ட ரிலீஸ்

மாலுமிங்க சும்மா இருக்கல. 17ஆம் நூற்றாண்டுலயே, சுக்கான் பிடிக்கிறவருக்கு ஆணை கொடுக்கும்போது லார்போர்டை விட்டுட்டு போர்ட்னு சொல்ற வழக்கம் வந்துடுச்சு. கரையில, அதாவது துறைமுகத்துல அணையுற பக்கம் போர்ட். ஆனா மத்த இடத்துல எல்லாம் லார்போர்டும் தொடர்ந்துச்சு. லார்போர்டு பக்கத்துப் பீரங்கி, லார்போர்டு வாட்ச், அதாவது கப்பல்ல பாதிப் பேர் அடங்கிய ஷிஃப்ட். ப்ரொடக்‌ஷன்ல யாரோ அவசரத்துக்கு ஒரு பேட்ச் போட்டுட்டு, டாக்குமென்டேஷனைப் பழசாவே விட்டுடுவாங்க இல்லையா, அதே கதை.

1844 நவம்பர்ல பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை, அட்மிரால்டி, உத்தரவு போட்டுச்சு. இனிமே லார்போர்டு கிடையாது, எல்லா இடத்துலயும் போர்ட்தான். 1846 பிப்ரவரியில அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஜார்ஜ் பான்கிராஃப்ட் அதையே அங்க செஞ்சார். காரணமும் அதேதான். ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரி கேக்குது.

இந்த உத்தரவு எனக்கு ஏன் பிடிச்சதுன்னா, கடற்படைன்னா தண்டனைக்குப் பேர் போன இடம். 1844ல பிரிட்டிஷ் கப்பல்ல சாட்டையடி சட்டப்படி நடந்துட்டு இருந்துச்சு. தப்பாக் கேட்டவனை அடிச்சுக் கவனமாக் கேக்க வைக்கலாம்னு நினைக்க அவங்களுக்கு எல்லா வசதியும் இருந்துச்சு. ஆனா இந்த விஷயத்துல அவங்க காதைத் திருத்தப் போகல. வார்த்தையைத் திருத்தினாங்க.

உத்தரவு கடற்படைக்கு மட்டும்தான். அதனால லார்போர்டு உடனே சாகல. 1851ல வந்த ஹெர்மன் மெல்வில்லோட மோபி டிக் நாவல்ல, திமிங்கிலம் பிடிக்கிற கப்பல்ல லார்போர்டு இருக்கு. மிசிசிப்பி ஆத்துல நீராவிப் படகு ஓட்டினவங்களும் விடல. மார்க் ட்வெய்ன் அங்க பைலட்டா இருந்தவர். அவரோட மிசிசிப்பி புத்தகத்துலயும் அந்த வார்த்தை வரும். அப்புறம் மெதுவா மங்கிப் போய், இன்னைக்குப் பழைய நாவல் படிக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வார்த்தை ஆயிடுச்சு.

டைட்டானிக் எந்தப் பக்கம் திரும்பியது?

வார்த்தையை மாத்தியாச்சு, எல்லாம் சரியாயிடுச்சான்னா, இல்ல. இன்னொரு பழைய பக் உள்ளேயே இருந்துச்சு.

டைட்டானிக் படம் பார்த்திருப்பீங்க. பனிப்பாறையைப் பார்த்ததும் அதிகாரி மர்டாக் ஹார்ட் எ ஸ்டார்போர்டுன்னு கத்துவார். ஸ்டார்போர்டுன்னா வலது. ஆனா கப்பல் இடது பக்கம் திரும்பும். டைரக்டர் கோட்டை விட்டுட்டார்னு நினைச்சிருந்தா, இல்ல, படம் சரி. 1912 ஏப்ரல் 14 ராத்திரி நிஜமாவே அப்படித்தான் நடந்துச்சு.

எப்படி? சுக்கானோட தலையில ஒரு நீளக் கம்பு இருக்கும். அதுக்கு டில்லர்னு பேர். டில்லரை வலது பக்கம் தள்ளினா, தண்ணிக்குள்ள சுக்கான் இடது பக்கம் போகும், கப்பலும் இடது பக்கம் திரும்பும். பழைய ஆணை எல்லாம் டில்லரைத்தான் சொல்லுச்சு, கப்பலை இல்ல. அப்புறம் வட்டமான ஸ்டியரிங் சக்கரம் வந்துச்சு. டில்லரை யாரும் கையால தொடறதே இல்ல. ஆனா ஆணை மட்டும் மாறல. டைட்டானிக்ல ஸ்டார்போர்டுன்னு கேட்டதும் அந்த மாலுமி சக்கரத்தை இடது பக்கம் சுத்தினார். அவருக்குக் கிடைச்ச பயிற்சிப்படி அதுதான் சரி.

மேக் லேப்டாப்ல நேச்சுரல் ஸ்க்ரோலிங்னு ஒரு ஆப்ஷன் இருக்குல்ல? விரலை மேல தள்ளினா பக்கம் மேல போகணுமா, இல்ல ஸ்க்ரோல் பார் மேல போகணுமா? 2011ல ஆப்பிள் அதை மாத்தினப்ப எவ்ளோ பேர் புலம்பினாங்க. டில்லர் குழப்பமும் அதே குழப்பம்தான். எது நகருதுன்னு சொல்றோம்?

1929ல லண்டன்ல கடல் பாதுகாப்புக்கான சர்வதேச மாநாடு நடந்துச்சு. அதுல ஒரு முடிவுக்கு வந்தாங்க. ஸ்டார்போர்டுன்னு சொன்னா கப்பலோட மூக்கு வலது பக்கம் போகணும். அவ்ளோதான், டில்லரை மறந்துடுங்க. 1930கள்ல அது நடைமுறைக்கு வந்துச்சு. பிரிட்டிஷ் கப்பல்ல நேத்து வரைக்கும் இடதுன்னு அர்த்தம் தந்த ஆணை, விடிஞ்சா வலதுன்னு அர்த்தம். பிரேக்கிங் சேஞ்ச்னா இதுதான் பிரேக்கிங் சேஞ்ச்.

வானத்துக்குப் போன வார்த்தைகள்

கப்பல் வழக்கத்தை விமானமும் எடுத்துக்கிச்சு. கப்பலோட போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. விமானத்துக்கும் அதேதான். இன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க. பச்சை உங்க இடது பக்கம், சிவப்பு உங்க வலது பக்கம் தெரிஞ்சா, விமானம் உங்களைப் பார்த்து வருது. இன்னொண்ணு, நீங்க எப்பவும் இடது பக்கக் கதவு வழியாத்தான் ஃப்ளைட்ல ஏறியிருப்பீங்க. அதுவும் கப்பலை இடது பக்கம் கரையில அணைச்ச பழக்கத்தோட தொடர்ச்சிதான்னு சொல்லுவாங்க.

இந்த இடத்துல ஒரு வாட்ஸாப் கதையையும் முடிச்சுடலாம். இங்கிலீஷ்ல பாஷ்ங்கிற வார்த்தை, பந்தாவான ஆளைச் சொல்றது. இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்கு வர்ற கப்பல்ல, வெயில் படாத கேபினுக்காக பணக்காரங்க போறப்ப போர்ட் பக்கமும் திரும்புறப்ப ஸ்டார்போர்டு பக்கமும் டிக்கெட் எடுப்பாங்க, அதோட முதல் எழுத்துகள்தான் பாஷ்னு ஒரு கதை ஓடுது. கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்த எழுத்துப் போட்ட ஒரு டிக்கெட்டைக்கூட யாரும் காட்டினதில்ல. அகராதிக்காரங்க இதை ஏத்துக்கிறதில்ல. ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

ஆனா லார்போர்டு சொன்ன பாடம் நிஜமாவே வானத்துக்கும் தேவைப்பட்டுச்சு. 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. பனிமூட்டத்துல ரெண்டு ஜம்போ விமானம் ரன்வேலயே மோதிச்சு. 583 பேர் இறந்துட்டாங்க. பல காரணம் சேர்ந்து நடந்த விபத்து அது. அதுல ஒண்ணு, டேக் ஆஃப்ங்கிற வார்த்தையை ரேடியோவுல ஒருத்தர் ஒரு அர்த்தத்துல சொல்ல, இன்னொருத்தர் வேற அர்த்தத்துல எடுத்துக்கிட்டது. அதுக்கப்புறம் விதி மாறிச்சு. டேக் ஆஃப்ங்கிற வார்த்தையை நிஜமாவே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும். மத்த எல்லா நேரத்துலயும் டிபார்ச்சர். "இனிமே கவனமாக் கேளுங்க"ன்னு மட்டும் சொல்லி விட்டுடல.

கடைசியா, அந்த டிஸ்க்

நம்ம கதைக்கு வர்றேன். லார்போர்டு பத்திப் படிச்ச அன்னைக்கு, பழைய மீட்டிங் ஞாபகம் வந்துச்சு. அட்டாச், டிட்டாச். ஸ்டார்போர்டு, லார்போர்டு. அதே சந்தம், அதே வால், முதல்ல ஒரு சின்ன சத்தம் மட்டும் வித்தியாசம். அர்த்தம் நேர் எதிர். பேர் வெச்சவங்க கெட்டவங்க இல்ல. ஸ்க்ரீன்ல பார்த்தா எவ்ளோ அழகான ஜோடி! எழுத்துல அது குழப்பமே தராது. ஆனா ராத்திரி 2 மணிக்கு, ஓடுற பஸ்ல இருந்து, விட்டு விட்டு வர்ற சிக்னல்ல யாராவது அதைச் சொல்லப் போறாங்கன்னு அப்ப யோசிக்கல.

டீம்கிட்ட சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அந்த சீனியர் அண்ணனே சொன்னார், "டேய், நான் சொன்ன விதமும் தப்புதான்டா. ஆனா கமாண்டை நம்மால மாத்த முடியாதே, அது நம்ம எழுதினது இல்லையே."

உண்மைதான். கமாண்டை மாத்த முடியாது. ஆனா ஃபோன்ல என்ன சொல்றோம்ங்கிறது நம்ம கையில இருக்கு. மாலுமிங்க செஞ்ச மாதிரி. எங்க டீம்ல இப்ப கால்ல யாரும் அட்டாச், டிட்டாச் சொல்றதில்ல. "மாட்டு", "கழட்டு". அவ்ளோதான். எந்த சிக்னல்லயும் ஒண்ணு இன்னொண்ணா கேக்காது. போன வருஷம் டீம்ல ஒரு தெலுங்குக்காரர் சேர்ந்தார். அவர் கத்துக்கிட்ட முதல் ரெண்டு தமிழ் வார்த்தை அதுதான்.

கேட்டவனைத் திட்டுறது சுலபம். காசு செலவில்ல, மீட்டிங் பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். ஆனா அந்த இடத்துல அடுத்து வேற ஒருத்தர் உக்காருவார், அவருக்கும் அதே காதுதான் இருக்கும். உங்க ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில, ஒர்க்‌ஷாப்ல இப்படி ஒரே மாதிரி கேக்குற எதிரெதிர் வார்த்தை ஏதாவது இருக்கா? யாராவது அதனால திட்டு வாங்கியிருக்காங்களா? எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பேசுவோம்.

அதுவரைக்கும், இன்னைக்கு ராத்திரி மாடிக்குப் போய் அந்தச் சிவப்பு விளக்கைத் தேடுங்க. அது எரியற பக்கம், ஒரு காலத்துல லார்போர்டு.